சந்து முனைக்குக் குவி கண்ணாடி: எது வாங்குவது, எங்கே மாட்டுவது

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்து பெரிய தெருவில் சேரும் இடத்தில் முனை வீட்டுச் சுவர் தெருவை ஒட்டியே நிற்கிறது. வண்டியின் முன்சக்கரம் தெருவுக்குள் போன பிறகுதான் வலப்பக்கம் என்ன வருகிறதென்றே தெரியும். ஒருநாள் காலையில் ஒரு ஸ்கூட்டரும் மீன்பாடி வண்டியும் அங்கே மோதி, ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டிருந்த பையனுக்குக் கை முறிந்தது. அதற்கப்புறம் நாலு வீட்டுக்காரர்கள் காசு போட்டு, முனையில் மறைந்து வரும் வண்டியைக் காட்டும் குவி கண்ணாடி (நடுவில் வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கும் கண்ணாடி) வாங்கினோம். ஆனால் துளை போட எங்கே வசதியோ அங்கே மாட்டிவிட்டோம். ஸ்கூட்டரில் உட்கார்ந்து பார்த்தால் எதிர்வீட்டு மொட்டைமாடிதான் தெரிந்தது, தெரு தெரியவில்லை.

அதனால் இடத்தைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன். தெரு எல் மாதிரி திரும்பினால், வளைவின் வெளி முனையில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் குறுக்கே பார்த்தபடி ஒரே கண்ணாடி போதும். எங்களுடையது போல சந்து ஒரு தெருவில் போய் முட்டினால், கண்ணாடி எதிர்ச்சுவரில் இருக்க வேண்டும். நேராக வைத்தால் இரண்டு பக்கமும் தெரியும், ஆனால் விளிம்பில் நசுங்கித் தெரியும். எந்தப் பக்கம் ஆபத்து அதிகமோ அந்தப் பக்கமாகச் சற்றுத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் இரண்டு கண்ணாடி போடுங்கள்.

துளை போடுவதற்கு முன்னால் மூன்று பேர் சேர்ந்து ஒத்திகை பாருங்கள். ஒருவர் ஏணியில் நின்று கண்ணாடியைப் பிடிக்கட்டும், ஒருவர் சந்து முனையில் வண்டியை எங்கே நிறுத்துவாரோ அங்கேயே நிறுத்தி சீட்டில் உட்காரட்டும் (நின்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்), மூன்றாமவர் இருபது மீட்டர் தள்ளியிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரட்டும். சீட்டில் இருப்பவர் சைக்கிள் தெரிகிறது என்று சொல்லும்வரை ஏணியில் இருப்பவர் கண்ணாடியைக் கீழே சாய்த்தும் பக்கவாட்டில் திருப்பியும் பார்க்க வேண்டும். சரியாக வந்ததும் சாக்பீஸால் சுவரில் குறியிடுங்கள். எங்களுக்கு இதற்கு அரை மணி நேரம்தான் ஆனது. முதலிலேயே செய்திருந்தால் சுவரில் தேவையில்லாத நாலு துளை விழுந்திருக்காது. கண்ணாடியின் அடிவிளிம்பு ஏழெட்டடி உயரத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே இருந்தால் மூட்டை ஏற்றிய வண்டி இடிக்கும். காலை வெயிலோ மாலை வெயிலோ நேராக அடிக்கும் திசையைத் தவிருங்கள், கண் கூசினால் கண்ணாடி இருந்தும் பயனில்லை.

அளவு பார்க்கும்போது, கண்ணாடிக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். நாலைந்து மீட்டருக்கு 18 அங்குலம் போதும், பத்து மீட்டர் வரை 24, அதற்கு மேல் 32 அங்குலம் வேண்டும். பெரியதே இருக்கட்டும் என்று வாங்கிவிடாதீர்கள்: 24ஐவிட 32 அங்குலத்தின் பரப்பளவு கிட்டத்தட்ட 1.8 மடங்கு, காற்றும் அந்த அளவுக்குப் பிடிக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அடி நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது.

எந்தப் பொருளில் செய்தது என்று பார்த்தால், தெருவுக்கு பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்தான் என் தேர்வு, கல் பட்டாலும் லேசில் உடையாது. ஆனால் சீக்கிரம் கீறல் விழும், வெயிலில் நாளாக நாளாக மஞ்சளடிக்கும், அதனால் யூவி பூச்சு (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு) உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் பிம்பம் தெளிவு, அடி பட்டால் விரிசல் விடும். அபார்ட்மென்ட் பார்க்கிங், குடோன் உள்ளே என்றால் அதுவே போதும். பிளாஸ்டிக் இல்லாமல் சாதாரணக் கண்ணாடியிலேயே (கிளாஸ்) செய்தது தெருவுக்கு வேண்டவே வேண்டாம். கடையில் ட்யூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள்: கோடு சீராக வளைந்தால் நல்ல வார்ப்பு, நெளிந்தால் வேறு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே தொப்பி போன்ற மறைப்பும், சுற்றிலும் ஆரஞ்சு விளிம்பும் இருக்க வேண்டும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று இரும்பை விடாது. எங்களுடைய முதல் போல்ட்டுகள் ஒரே வருடத்தில் துருப்பிடித்து, சுவரில் காவிக் கோடு இறங்கியது. துரு ஏறினால் ஸ்பேனர் பிடிக்காது, கோணத்தைத் திருத்தவும் முடியாது. போல்ட், நட், வாஷர் எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள், அதில் 316 என்ற ரகம் கிடைத்தால் கடலோரத்துக்கு 304 ரகத்தைவிட நல்லது. பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை உதிரும், அதில் ராவல் ப்ளக் (திருகாணிக்காகத் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை) நிற்காது. செங்கல்லுக்குள் ஆழமாகப் போகும் ஆங்கர் போல்ட் போடுங்கள், காரை இணைப்பில் போடாதீர்கள். வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு இடம் தந்த அக்கா, "நல்லா ஸ்ட்ராங்கா போடு தம்பி, கீழ புள்ளைங்க விளையாடுது" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்.

சுவர் கிடைக்காவிட்டால் கம்பம் நட வேண்டும், மூன்று அங்குல ஜிஐ பைப், கீழே கான்கிரீட். இங்கே ரொம்ப ஜாக்கிரதை: நம் தெருக்களில் மின்சார கேபிளும் குடிநீர்க் குழாயும் மண்ணுக்குள்ளேதான் ஓடுகின்றன. அனுமதியில்லாமல் கடப்பாரை போட்டால் உயிருக்கே ஆபத்து. தெரு பொது இடம், மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள், 1913 எண்ணிலும் சொல்லலாம். ஈபி கம்பத்தில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள்.

மாட்டியதும் தெருக்காரர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குவி கண்ணாடியில் வண்டி சின்னதாகத் தெரியும், அதனால் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும், உண்மையில் கிட்டே வந்திருக்கும். வலப்பக்கம் வருவது கண்ணாடியிலும் வலப்பக்கமே தெரியும், ஆனால் சாலையின் இந்த ஓரத்தில் வரும் வண்டி அந்த ஓரத்தில் வருவதுபோல் இருக்கும். ஆகவே கண்ணாடியில் ஒன்றும் இல்லையென்றாலும் நின்று, ஹாரன் அடித்து, மெதுவாக மூக்கை நீட்டுங்கள்.

துடைக்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றி உப்பையும் தூசியையும் கழுவிவிட்டு, பிறகு சோப்பு நீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைக்கவும். காய்ந்த துணி கீறிவிடும். தின்னர் பட்டால் பாலிகார்பனேட்டில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடும். நாங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு துடைக்கிறோம், பலத்த காற்று அடித்த மறுநாள் ஒருவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கோணத்தையும் பார்த்துவிடுகிறார்.