மாடல் மாவாக உதிர்ந்தால் ஸ்டோனைத் திட்டாதீர்கள்

குன்னூரில் சின்னதாக ஒரு பல் லேப் வைத்திருக்கிறேன். போன மாதம் சேர்ந்த பையன் கீழ்த்தாடை மாடல் ஒன்றை, அதாவது ஸ்டோன் என்கிற ஜிப்சம் பொடியைக் குழைத்து வார்த்த பல்வரிசை நகலை, கொண்டுவந்து நீட்டினான். முன்பல்லை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். சுண்ணாம்புச் சுவர் மாதிரி நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. "ஸ்டோன் பழசுண்ணே" என்றான். இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் என் முதலாளியிடம் இதையேதான் சொன்னேன். ஸ்டோன் அன்றைக்கும் புதுசுதான்.

தண்ணீரை அளப்பது, வைப்ரேட்டர் போடுவது எல்லாம் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

ஊற்றின கையோடு கவிழ்ப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தப்பு இது. வாயில் அல்ஜினேட் என்கிற பசையை வைத்துப் பல் அச்செடுத்த டிரேயில் ஸ்டோனை ஊற்றுவார்கள். மீதியைக் கண்ணாடி மேல் இட்லி மாதிரி குவித்து, அதன் தலையில் டிரேயைக் கவிழ்த்துவிடுவார்கள். மாடலைத் தாங்கும் அடிப்பாகமான பேஸும் சேர்ந்தே முடிந்தது, டீக்குப் போகலாம்!

100 கிராம் ஸ்டோன் இறுக, ரசாயனக் கணக்குப்படி 18.6 மில்லி தண்ணீர் போதும். அவ்வளவில் குழைய வராது என்பதால் 28 முதல் 30 மில்லி வரை விடுகிறோம். துகள் கனமானது, அடியில் இறங்கும். மிச்சத் தண்ணீர் மேலே ஏறும், குமிழியும் கூடவே ஏறும். டிரே நிமிர்ந்திருந்தால் அது சேருவது பேஸ் பக்கம், மாடலைத் தேய்த்துச் சீராக்கும் ட்ரிம்மரில் பாதி போய்விடும். கவிழ்த்துவிட்டால் மேலே இருப்பது பல். அல்ஜினேட்டின் ஈரமே ஸ்டோனைச் சரியாக இறுக விடாது, அதோடு இந்தத் தண்ணீரும் சேர்கிறது. மாடல் கையில் கனமாக, கெட்டியாகத்தான் இருக்கும். மேல்தோல் மட்டும் மாவு. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

எனக்கும் வரவில்லை. கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கேஸ், உலோக ஃப்ரேம் வைத்த பல்செட். ஃப்ரேமைத் தாங்கும் ரெஸ்ட் என்கிற உலோக நுனி உட்காரப் பல்லில் வெட்டியிருந்த சின்னக் குழியின் ஓரம், தூசி தட்டும் பிரஷ்ஷிலேயே மழுங்கியிருக்கிறது. என் மாடலில் ஃப்ரேம் கச்சிதமாக உட்கார்ந்தது, வாயில் ஆடியது. அந்த அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாராம். உலோகம் மறுபடி என் செலவில். டாக்டர் அரை வருஷம் வேலையே தரவில்லை.

ஊற்றியதும் டிரேயை நிமிர்த்தியே வையுங்கள். மேலே நாலைந்து மேடு விட்டு வையுங்கள், பேஸ் பிடித்துக்கொள்ள. பளபளப்பு போய், இறுகின பிறகு இன்னொரு கலவை குழைத்துப் பேஸ் போடலாம். பத்து நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான்.

கடிகாரத்தை மட்டும் நம்புவது

மார்கழி, தையில் நம்மூர்க் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். அந்தத் தண்ணீரில் அல்ஜினேட் இறுக நேரமாகும், ஸ்டோனும் மந்தமாகும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நிமிஷம் இந்தக் குளிருக்கு எழுதினதில்லை. புறங்கையை வைத்துப் பாருங்கள்: இறுகும்போது ஸ்டோன் சுடும். சூடு ஏறி இறங்கின பிறகு கழற்றுங்கள், ஊற்றினதிலிருந்து முக்கால் மணிக்குக் குறையாமல். அதுவரை ஈரத்துணி போட்ட மூடி டப்பாவுக்குள் இருக்கட்டும்.

ராத்திரி விட்டுக் காலையில் கழற்றுவது

வேண்டாம். காய்ந்த அல்ஜினேட் மாடலின் முகத்தைச் சொரசொரப்பாக்கிவிடும், ஒல்லிப் பல்லை ஒடித்தும் விடும்.

குழாயடியில் மாடல் கழுவுவது

ஜிப்சம் தண்ணீரில் கரையும். லிட்டருக்கு 2 கிராம் சுமார்தான், ஆனால் கரைவது முகத்திலிருந்து. ட்ரிம் செய்யுமுன் நனைக்க வேண்டுமென்றால், ஒடிந்த மாடல் துண்டுகளை ஊறப்போட்டுத் தெளிந்த தண்ணீரில் நனையுங்கள். எங்கள் லேப்பில் அதற்கென்றே ஒரு பழைய பெயின்ட் வாளி இருக்கிறது.

மழைக்காலத்தில் பாக்கெட்டைத் திறந்து போடுவது

மூடுங்கள். இந்த மூடுபனி ஜன்னலுக்குள்ளேயே வரும்.