பழனி பாதயாத்திரை: பஸ் ஏற வைக்கும் தவறுகள்

தைப்பூசத்துக்கு எங்கள் குழுவில் இந்த முறை புதிதாக மாலை போட்டவர்கள் ஒன்பது பேர். மதுரையிலிருந்து பழனி சுமார் 120 கிலோமீட்டர். ஒரு சாயங்காலம் கிளம்பினால் நாலாம் நாள் ராத்திரி போய்ச் சேருவோம். கிளம்பிய சாயங்காலமே அந்த ஒன்பதில் ஆறு பேர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். பச்சை வேட்டியை மடித்துக் கட்டி, செல்போனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஒரே ஓட்டம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராத்திரியில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், ரோட்டின் நடுவில் நடக்காதீர்கள் என்பதெல்லாம் வழிநெடுக போலீஸ்காரர்களே சொல்வார்கள். நான் சொல்ல வருவது வேறு.

புதுச் செருப்பு

வேண்டாம்.

முதல் நாள் வேகம்

முதல் வருஷம் எனக்கு வயது இருபத்து நாலு. வாடிப்பட்டியில் ராத்திரி தங்கல். குழுவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய், பாயை விரித்து, கால் மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டேன். பின்னால் வந்த பெரியவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பு வேறு. கடைசியாக வந்தவர் குருசாமி. அப்போதே அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "என்ன சாமி, பழனிக்குப் பந்தயமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ராத்திரி ஒரு வலியும் இல்லை. ஏமாறுகிற இடம் இதுதான். பழக்கமில்லாத நடையால் வருகிற தசைவலி அன்றைக்கே வந்துவிடாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் ஏறி உச்சத்துக்கு வரும். வாடிப்பட்டியில் கடனுக்கு வாங்கிய வேகத்துக்குத் திண்டுக்கல் பக்கம் வட்டியோடு வசூல் நடக்கும். மறுநாள் காலையில் முன்கால் எலும்பு ஓரமாக லேசாகப் பிடித்தது. அதற்கு அடுத்த நாள் கண்டைக்கால் கல்லாகிவிட்டது. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் தங்கிய மண்டபத்துக்கு வாசலில் மூன்றே படி. அந்த மூன்றையும் நேராக இறங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தெருவுக்குக் காட்டியபடி பின்பக்கமாக இறங்கினேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன் வாயில் நுரையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒட்டன்சத்திரத்தில் விடியற்காலை பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போய், பழனிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, நடந்தே வந்தவன் மாதிரி கூட்டத்தோடு கலந்துகொண்டேன். ஊர் திரும்பியதும் பாட்டி வாசலில் உட்கார வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவினாள். உள்ளங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ரோடு நல்லா இருந்துச்சோ?" என்றாள். அதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

குருசாமியிடம் ஒரு கணக்கு உண்டு. "பாட்டு வருதான்னு பாத்துக்கங்க சாமி. பாட்டு நின்னா வேகம் ஜாஸ்தி." காவடிச்சிந்தோ திருப்புகழோ, மூச்சு முட்டாமல் நாலு வரி பாட முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். மணிக்கு நாலு கிலோமீட்டர் வரும். பார்க்க மந்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேகத்தில்தான் அவர் தினமும் கடைசி ஆளாக, தினமும் ஏறக்குறைய அதே நேரத்துக்குத் தங்கல் வந்து சேர்வார். செல்போனில் பாட்டை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இந்த அளவுகோல் கையில் இல்லை. பாடுவது போன், மூச்சு வாங்குவது இவர்கள்.

எரிச்சல் வருவது வேகத்தினால்கூட இல்லை, அதைப் பக்தி என்று நினைப்பதனால்தான். இந்த வருஷம் ஒரு தம்பி, "முருகன் இழுத்துட்டுப் போறான் சாமி, நான் என்ன செய்ய?" என்றான். முருகன் யாரையும் வாடிப்பட்டிக்கு அவசரப்படுத்துவதில்லை. கூட நடக்கிறவன் முந்திவிடக் கூடாது என்பதுதான் இழுக்கிறது. ஓடிய ஆறு பேரில் நாலு பேர் மூன்றாம் நாள் வேனில் ஏறினார்கள். காலைவிட மனசுதான் அதிகம் நொந்திருந்தது. இப்படி ஏறியவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் மாலை போட வருவதில்லை. நான் திரும்பி வந்ததுகூட பாட்டியின் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

குன்றக்குடியிலிருந்து காவடியோடு வரும் நகரத்தாரைப் பாருங்கள். போகும்போதும் நடை, திரும்பும்போதும் நடை. ஊர் திரும்பவும் கால் வேண்டும் என்ற கணக்கோடு நடக்கிறவர்கள் அவர்கள். முதல் நாள் யாரும் குதிப்பதில்லை.

பந்தலுக்குப் பந்தல் சாப்பிடுவது

அன்போடு கூப்பிடுகிறார்கள், மறுக்கக் கூடாதுதான். சுக்குக் காபியோ மோரோ ஒரு வாய் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு நகருங்கள். பொங்கலுக்கு மேல் புளியோதரை, அதற்கு மேல் கேசரி என்று ஏற்றிக்கொண்டால் அடுத்த ஐந்து கிலோமீட்டர் வயிற்றைத்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

உட்காருவது

பத்து நிமிஷம். அதற்கு மேல் போனால் கால் இறுகிவிடும். எழுந்ததும் முதல் நூறு அடியை மெதுவாக வையுங்கள்.

கொப்புளத்தை மறைப்பது

சாமிக்கு நேர்ந்த வலி என்று சொல்லாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். கால் சுருக்கென்று காந்த ஆரம்பித்த உடனே நின்று, துடைத்து, காயவைத்து, பிளாஸ்திரி ஒட்டினால் அதோடு போச்சு. ஊசியும் நூலும் கோத்துக் குத்திவிடும் கைவைத்தியம் வேண்டாம், சீழ் பிடிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்திருந்தால் புண் வந்ததே தெரியாது. அவர்கள் ஒவ்வொரு தங்கலிலும் யாரிடமாவது உள்ளங்காலைக் காட்டியே ஆக வேண்டும். கூச்சமெல்லாம் அப்புறம்.

மாலையைக் கழற்றியதும் விட்டுவிடுவது

ஒரு மண்டலம் விடியற்காலை எழுந்து குளித்து நடந்த உடம்பு, மாலையைக் கழற்றிய மறுநாளே எட்டு மணிவரை தூங்கும். அடுத்த கார்த்திகையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம், மறுபடி அதே கண்டைக்கால். ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான். இப்போது தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்வரை தினமும் போய்வருகிறேன், மொத்தமே அரை மணி நேரம்.

இதிலும் ஒரு தவறு உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சு என்று நிறுத்திவிடுவது. அல்லது விட்டதையும் சேர்த்து மறுநாள் இரண்டு மடங்கு நடப்பது, அதுவும் வாடிப்பட்டி வேகம்தான். போன மாசம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டேன். நாலாம் நாள் எப்போதும் போகிற தூரம்தான் போனேன். "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பூக்காரம்மா அரை முழம் அறுத்துக் கொடுத்தார்.