ஞாயிறு பள்ளியில் அதட்டாமல் பிள்ளைகளை நடத்துவது எப்படி?

தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு பைபிள் கதைகள் சொல்லித்தரும் ஞாயிறு பள்ளியில் புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்கள் பாடத்தை நன்றாகவே தயாரித்து வருவார்கள். பாயில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளும் பிள்ளைகளை என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுவார்கள். ஐந்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் போய்விடுங்கள். முதலில் வரும் நாலு பேர் சும்மா நிற்கும் நேரத்தில்தான் தள்ளுமுள்ளு தொடங்கும். வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் ஒரு வேலை கொடுங்கள். அன்றைக்குச் சகேயு கதை (இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய குள்ளமான மனிதரின் பைபிள் கதை) என்றால், ஒரு பெரிய மரம் வரையச் சொல்லலாம்.

2. விதி மூன்று போதும். ‘ஓடாதே, கத்தாதே’ என்பதை விட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: ‘ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்’, ‘கையை மடியில் வைத்துக்கொள்வோம்’, ‘வெளியே போகும்முன் அக்காவிடம் (வகுப்பெடுப்பவரிடம்) சொல்வோம்’.

3. பாடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரியுங்கள். பாட்டு, கதை, மனப்பாடம் செய்யும் பைபிள் வசனம், படம் என்று மாறிக்கொண்டே இருக்கட்டும். வசனத்தைச் செய்கையோடு சொல்லிக் கொடுங்கள். சகேயு மரம் ஏறும்போது எல்லோரும் எழுந்து ஏறட்டும். துறுதுறு பையனைச் சகேயுவாக நடிக்க விடலாம். ஆனால் அவன் சேட்டை செய்யும் முன்பே கூப்பிடுங்கள். செய்த பிறகு கூப்பிட்டால் அது சேட்டைக்குப் பரிசாகிவிடும்.

4. சேட்டை தொடங்கிவிட்டதா? கதையை நிறுத்தாமல் நடந்துபோய் அவன் பக்கத்தில் நில்லுங்கள். பல நேரம் அதுவே போதும். அடங்கவில்லை என்றால் குனிந்து மெதுவாகக் கேளுங்கள்: “இங்கேயே அமைதியா உட்கார்றியா, இல்ல அக்கா பக்கத்துல வந்து உட்கார்றியா?” அப்புறம் சொன்னபடியே செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் அவன் ஏதாவது நல்லது செய்வான். அதை விட்டுவிடாதீர்கள். வெறுமனே ‘நல்ல பையன்’ என்றால் அவனுக்கு எதுவும் புரியாது. “தங்கச்சிக்கு க்ரேயான் கொடுத்தியே, அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் பாரு” என்றால் புரியும்.

5. “இயேசப்பா உன்னை அடிப்பார்” என்று தயவுசெய்து ஒருநாளும் சொல்லாதீர்கள். பிள்ளையை அடக்க அந்தப் பெயரை வைத்துப் பயமுறுத்தினால், அடுத்த நிமிடம் அவருடைய அன்பைப் பற்றி எப்படிப் பேசுவது? முட்டி போட வைப்பது, மற்றவர்கள் முன் கேலி செய்வது, தனியாக வெளியே அனுப்புவது எதுவும் வேண்டாம். முடிந்தால் வகுப்பில் இன்னொரு பெரியவரும் இருக்கட்டும்.

6. வாராவாரம் ஒரே பிள்ளை அடங்காமல் இருந்தால், சாப்பிட்டானா என்று முதலில் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் உண்டு. அம்மாவிடம் பேசும்போது, ஆராதனை முடிந்து கூட்டம் நிற்கும் இடத்தில் வேண்டாம். அவன் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட்டு, “வீட்டில் என்ன சொன்னால் கேட்பான்?” என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு போன வாரத்துக் கதையை எடுக்காமல் அவனை வரவேற்று, பாய் விரிக்கக் கூட்டிக்கொள்ளுங்கள்.