தெருச் சுவரில் உலகக் கோப்பைப் பட்டியல்: பிழையில்லாமல் எழுதுவது எப்படி

கால்பந்து உலகக் கோப்பை வருகிற வருடம் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் பாதிச் சுவர்கள் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக மாறிவிடும். கொடி வரைவது சுலபம். 1930 முதல் யார் ஜெயித்தார்கள் என்று வரிசையாக எழுதுவதில்தான் வம்பு. ‘குட்டி பிரேசில்’ என்று பேர் வாங்கிய ஏரியாவில் ஒரு ஸ்கோரைத் தப்பாக எழுதினால், பெயின்ட் காய்வதற்குள் நாலு பேர் வந்து நிற்பார்கள்.

வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ஏதாவது கட்சி ‘ரிசர்வ்’ செய்துவைத்த சுவரும், மாநகராட்சிச் சுவரும் வேண்டாம். 14 அடி அகலம், 9 அடி உயரம் போதும். தரையிலிருந்து 2 அடியை விட்டுவிடுங்கள். மழைத் தண்ணீர் தெறிப்பதும் பைக் சாய்ப்பதும் அங்கேதான்.

கடலோரச் சுவர்களுக்கு ஓதமும் உப்பும்தான் எமன். ஓர் அடி சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் அந்தச் சுவர் இன்னும் காயவில்லை. அதில் எனாமல் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகக் கிளம்பி உரியும். அதனால் எழுத்துக்கும் வெளிச்சுவர் எமல்ஷனே நல்லது. வடகிழக்குப் பருவமழை முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டி எடுங்கள். சோம்பல்பட்டு அதன் மேலேயே அடித்தால் பெயின்ட் சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்புப் பொடியைத்தான் பிடிக்கும். இரண்டு மாதத்தில் ஏடு ஏடாக வரும். உப்புத்தாள் போட்டு, துடைத்து, வெடிப்பில் பட்டி பார்த்து, 1 லிட்டர் பிரைமர் ஒரு கோட், 2 லிட்டர் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட். ஏறக்குறைய 100 சதுர அடிக்கு இது போதும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் அரை லிட்டர் குடிக்கும். எழுத்துக்குக் கறுப்பு 200 மில்லி, சிவப்பும் நீலமும் 100 மில்லி. கடைசி கோட் முடிந்து ஒரு நாள் கழித்தே எழுத்து.

தலைப்புக்கு 6 அங்குலம், கட்டத் தலைப்புக்கு 3 அங்குலம். அதற்குக் கீழே 3 அங்குல உயரத்தில் 25 வரிகள்: 2022 வரையிலான போட்டிகளுக்கு 22, காலியாக 2, இந்தியாவுக்கு ஒன்று. மொத்தம் 7 அடி. அகலத்தில் வருடம் 1 அடி, நடத்திய நாடு 3, ஜெயித்தவர் 2½, ஸ்கோர் 1½, தோற்றவர் 2½, குறிப்பு 1½. மீதி 2 அடி, யாருக்கு எத்தனை கோப்பை என்ற கணக்குக்கு. ரசமட்டம் வைத்துப் புள்ளி குறித்து, நீலப் பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். எழுத்து 2 அங்குல உயரம். முதலில் ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பட்டியலிலேயே நீளமான பெயர் அது. அது கட்டத்தில் அடங்கினால் மற்ற அணிகள் எல்லாம் அடங்கும். 1934, 1962 இரண்டிலும் தோற்ற அணி அதுதான். இடம் போதவில்லை என்று ‘செக் குடியரசு’ ஆக்கிவிடாதீர்கள்.

1938-க்கும் 1950-க்கும் நடுவே தடித்த கறுப்புக் கோடு. போரால் 1942, 1946 நடக்கவில்லை. கோடு இல்லாவிட்டால் இரண்டை விட்டுவிட்டீர்கள் என்பார்கள்.

அதிகம் தப்பு விழுவது 1950 வரியில். அந்த வருடம் இறுதி ஆட்டம் என்றே ஒன்று கிடையாது. கடைசிச் சுற்றில் உருகுவே, பிரேசில், ஸ்வீடன், ஸ்பெயின் நாலும் லீக் முறையில் ஆடின. மரக்கானாவில் ஜூலை 16-ல் நடந்த கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்கு டிரா போதும். முதல் கோலும் அவர்களுடையதே. ஆனாலும் உருகுவே 2–1. ஸ்கோரை எழுதி, குறிப்பில் ‘லீக்’ என்று போடுங்கள். அதன் கீழேயே இந்தியா வரி: ‘தகுதி பெற்றது, போகவில்லை’. தகுதிச் சுற்றில் மற்ற நாடுகள் விலகியதால் கிடைத்த வாய்ப்பு அது. ஷூ இல்லாததால் அனுப்பவில்லை என்ற கதையைச் சுவரில் ஏற்ற வேண்டாம். பயணச் செலவு, பயிற்சிக்கு நேரமின்மை, ஒலிம்பிக்கே பெரிது என்ற எண்ணம் எல்லாம் அதில் உண்டு.

1954, 1974, 1990 மூன்றிலும் ஜெயித்தது ‘மேற்கு ஜெர்மனி’. 1990-ல் பலர் தடுமாறுவார்கள்: இறுதி ஆட்டம் ஜூலை 8, ஜெர்மனி ஒன்றானது அக்டோபர் 3. கோப்பைக் கணக்கில் மட்டும் 2014-ஐயும் சேர்த்து ஜெர்மனி 4.

ஸ்கோரில் ஜெயித்தவர் எண் எப்போதும் முதலில். கூடுதல் நேரத்தில் முடிந்த 1934, 1966, 1978, 2010, 2014 ஐந்துக்கும் குறிப்பில் ‘கூ.நே.’ பெனால்டி வரை போனவை மூன்று: 1994 பிரேசில்–இத்தாலி 0–0 (3–2), 2006 இத்தாலி–பிரான்ஸ் 1–1 (5–3), 2022 அர்ஜென்டினா–பிரான்ஸ் 3–3 (4–2). அடைப்புக்குறியை விட்டுவிட்டு 2022-ஐ ‘4–2’ என்று எழுதுவது வழக்கமான தப்பு.

எழுதி முடித்ததும் ஸ்கோர்களை எண்ணிப் பாருங்கள். 4–2 நாலு வரியில் வர வேண்டும்: 1930, 1938, 1966, 2018. 3–1 மூன்று, 2–1 மூன்று, 1–0 மூன்று, 3–2 இரண்டு. 5–2, 4–1, 3–0, 2–0 ஒவ்வொன்று. பெனால்டி ஆட்டங்கள் மூன்றோடு சேர்த்தால் 22. எங்கோ உதைத்தால் ஒரு வரி தப்பு.

பக்கத்துக் கணக்கின் மேல் ‘2022 வரை’ என்று எழுதுங்கள்: பிரேசில் 5, ஜெர்மனி 4, இத்தாலி 4, அர்ஜென்டினா 3, உருகுவே 2, பிரான்ஸ் 2, இங்கிலாந்து 1, ஸ்பெயின் 1. உருகுவே ஜெர்ஸியைப் பார்த்து நட்சத்திரம் எண்ணினால் 4 வரும். அதில் இரண்டு 1924, 1928 ஒலிம்பிக் தங்கத்துக்கானவை. ஜெர்ஸி வரைந்தால் 4, கணக்கில் 2.

கோப்பைப் படத்திலும் கவனம். 1970 வரை ஜூல்ஸ் ரிமே கோப்பை: இறக்கை விரித்த பெண் உருவம், தலைமேல் கிண்ணம். மூன்றாம் முறை ஜெயித்த பிரேசிலே அதை வைத்துக்கொண்டது. 1983-ல் ரியோவில் திருடுபோனது கிடைக்கவேயில்லை. உருண்டையைத் தாங்கும் இப்போதைய கோப்பை 1974-ல் வந்தது. பெலே கையில் அதைக் கொடுத்து வரைந்த சுவர்கள் நிறைய உண்டு.

காலி வரிகளில் வருடத்தையும் நாடுகளையும் மட்டும் எழுதுங்கள். 2026-க்கு அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றும் 3 அடிக்குள் வர எழுத்தை 1½ அங்குலமாகக் குறைக்க வேண்டும். 2030-க்கு ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ போதும். நூற்றாண்டுக்காகத் தலா ஓர் ஆட்டம் வாங்கிய உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே குறிப்புக் கட்டத்துக்குப் போகட்டும். மிச்ச எமல்ஷனைச் சின்ன டப்பாவில் விளிம்புவரை ஊற்றி மூடிவையுங்கள். பாதி டப்பாவாக விட்டால் மேலே ஆடை கட்டிவிடும். அடுத்த பெயரை எழுதும்போது அதே கறுப்பு கிடைக்காது.