வெப் தொலைநோக்கியில் நோக்கீட்டைத் திட்டமிடுதல்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிப்பவர், தம் இலக்கு எந்த மாதங்களில் அதன் பார்வைக்குள் வரும் என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். கண்ணாடிகள் எப்போதும் சூரியக் கவசத்தின் நிழலிலேயே இருந்தாக வேண்டும் என்பதால், சூரியனிலிருந்து 85 முதல் 135 பாகை வரை விலகியுள்ள வான்பகுதியை மட்டுமே அது நோக்க முடியும். ஆகவே, சூரிய வீதியை, அதாவது ஓராண்டில் சூரியன் வானில் நகர்வதாகத் தோன்றும் பாதையை, ஒட்டிய இலக்குகள் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 50 நாட்கள் மட்டுமே கிடைக்கும்; அவ்வீதியின் துருவங்களிலிருந்து 5 பாகைக்குள் அமைந்தவையோ ஆண்டு முழுவதும் கிடைக்கும். தொலைநோக்கியை அதன் பார்வை அச்சைச் சுற்றி விரும்பியபடி திருப்பவும் இயலாது. நிறமாலைப் பிளவு (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கருவிக்குள் அதை விடும் குறுகிய திறப்பு) குறிப்பிட்ட கோணத்தில் விழ வேண்டும் என நிபந்தனை விதித்தால் கிடைக்கும் காலம் வெகுவாகச் சுருங்கலாம் என்பதால், வலுவான அறிவியல் காரணமின்றி அதைச் சேர்க்காதிருப்பதே நல்லது.

அடுத்து கருவி. ஏறத்தாழ 5 மைக்ரானுக்கு மேற்பட்ட அலைநீளங்களுக்கு மிரி (MIRI) என்ற கருவி ஒன்றே வழி. அதற்குக் கீழே நிர்கேம் (NIRCam), நிர்ஸ்பெக் (NIRSpec), நிரிஸ் (NIRISS) ஆகிய கருவிகள் உள்ளன.

இலக்கின் ஒளியை உணரி சேகரிக்க வேண்டிய பதிவு நேரத்தை, விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் இணையத்தில் வழங்கும் கணிப்பான் கொண்டு மதிப்பிடலாம். அதில் இரைச்சலை மட்டும் பார்த்துவிட்டு, பிரகாசமான விண்மீன் உணரியைத் தெவிட்டச் செய்யுமா, அதாவது அது அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டி ஒளியை நிரப்பிவிடுமா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தெவிட்டினால் உணரியின் சிறு பகுதியை மட்டும் படிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைநோக்கி திரும்புவதற்கும் வழிகாட்டி விண்மீனைப் பற்றிக்கொள்வதற்கும் ஆகும் நேரமும் உங்கள் கணக்கிலேயே சேரும். வானில் சிதறிக் கிடக்கும் பல இலக்குகளைக் குறுகிய பதிவுகளாக எடுப்பது, இதனாலேயே எதிர்பாராத அளவுக்குச் செலவு வைக்கும்.