"வாட்ஸ் அப்?" என்றால் "ஃபைன்" இல்லை

தெருவில் எதிரே வருபவர் "என்ன, தூரமா?" என்றால் "இங்கதான்" என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். எங்கே, எதற்கு என்று யாரும் விளக்குவதில்லை. ஆங்கிலத்தில் "ஹவ் ஆர் யூ?" பெரும்பாலும் இந்தத் 'தூரமா' வகைதான். லிஃப்டில் மேனேஜர் கேட்டதும் மூன்று நாள் காய்ச்சல், முட்டிவலி என்று ஆரம்பித்தால், முடிப்பதற்குள் அவர் இறங்கும் மாடி வந்துவிடும். "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?" போதும். அந்தக் கடைசி 'அண்ட் யூ'வைத்தான் நம்மில் பலர் விழுங்கிவிடுகிறோம்; அது இல்லாவிட்டால் பதில் வெடுக்கென்று இருக்கும்.

அதிகம் சறுக்குவது "வாட்ஸ் அப்?" கேள்வியில். "என்ன விசேஷம்?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்போமா? "ஒண்ணும் இல்லை, நீ சொல்லு" என்போம். அதே கதைதான்: "நாட் மச், யூ?" இது நண்பர்களுக்குள் ஓடும் பேச்சு, இன்டர்வியூ அறையில் வேண்டாம். "ஹவ்ஸ் இட் கோயிங்?" என்றால் "குட்" அல்லது "நாட் பேட்". 'நாட் பேட்' என்பது குறையில்லை. "பரவாயில்லை, நல்லாத்தான் போகுது" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் "யூ ஆல்ரைட்?" என்று கேட்பார்கள். நம் முகம் வாடியிருக்கிறதோ என்று கண்ணாடியைத் தேட வேண்டாம். அது வெறும் ஹலோ. "யா, யூ?" என்றால் முடிந்தது.

"ஹவ் டு யூ டூ?" பழைய காலத்து மரியாதை. முதல் சந்திப்பில் கைகுலுக்கும்போது சொல்வது. இப்போது அபூர்வம். ஆனால் யாராவது சொன்னால், மரபான பதில் 'ஃபைன்' அல்ல, அதே "ஹவ் டு யூ டூ?"தான். கேள்விக்குக் கேள்வியே பதில், விசித்திரம்தான்.

அப்புறம், இரவு 8 மணிக்கு விருந்துக்குப் போய் வாசலிலேயே "குட் நைட்" சொல்லாதீர்கள். அது கிளம்பும்போது சொல்வது. நுழையும்போது "குட் ஈவினிங்". "நைஸ் டு மீட் யூ" முதல் தடவைக்கு மட்டும். அடுத்த முறை 'மீட்' போய் 'சீ' வரும்.

"சேம் டு யூ" பொங்கல் வாழ்த்துக்குச் சரி, பண்டிகை இருவருக்கும் பொது. "ஹேப்பி பர்த்டே"க்கு "தேங்க் யூ" மட்டும்தான். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் "சேம் டு யூ" என்றேன். வாழ்த்தியவர் சிரிக்காமல் சொன்னார்: "எனக்கு மார்ச்சில் சார்."