சம்பள ஃபோல்டரை யாரெல்லாம் திறக்கலாம்? ஆக்டிவ் டைரக்டரி குரூப்புகளின் ஆள் பட்டியல் எடுக்கும் முறை

குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை ஆபீஸில் நெட்வொர்க் பார்க்கிறேன். கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஃபேக்டரி, குந்தாப் பக்கம் ஒன்று, அவற்றை ஒட்டிய எஸ்டேட் ஆபீஸ்கள். எல்லாவற்றுக்கும் ஒரே டொமைன்: எல்லா அக்கவுண்ட்டும் குரூப்பும் ஆக்டிவ் டைரக்டரி என்ற ஒரே பதிவேட்டில் இருக்கின்றன.

ஒரு ஐப்பசி மழையில் தணிக்கைக்கு வந்தவர், "சம்பள ஃபோல்டரை யாரெல்லாம் திறக்க முடியும்? பெயரோடு கொடுங்கள்" என்று கேட்டார். அந்த ஃபோல்டருக்கு உரிமை உள்ள குரூப்பைத் திறந்து மெம்பர்ஸ் டேபில் இருந்த ஐந்து வரியையும் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவர் இரண்டாவது வரியில் விரலை வைத்து, "இது ஆளா, குரூப்பா?" என்றார். குரூப். அதற்குள் இன்னொரு குரூப். அதற்குள், கொழுந்து குவிந்த ஒரு சீசனில் எடை போடத் தற்காலிகமாக வந்த பையன்களின் அக்கவுண்ட்கள். அவர்கள் போய் வெகுநாளாகியும் இரண்டு அக்கவுண்ட் வேலை செய்துகொண்டிருந்தன. கொழுந்து பறிக்கும் பெண்களின் கூலி, முன்பணம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருக்கின்றன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் பட்டியல் எடுக்கும் விதமே மாறிவிட்டது. பட்டியலில் கடைசியில் நிற்பது ஆளாக இருக்க வேண்டும், அந்த ஆள் எந்த வழியாக உள்ளே வந்தார் என்பதும் தெரிய வேண்டும், அதை ஃபேக்டரி மேனேஜர் யாரையும் கேட்காமல் வாசிக்க முடிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். முதல் சில எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பிவிடும்.

முதலில், டொமைன் கன்ட்ரோலரில் (அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வரில்) உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரே போதும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியிலேயே ஆர்சாட் கருவிகள் (சர்வரை வேறு கம்ப்யூட்டரிலிருந்து நிர்வகிப்பவை) இருக்கின்றன. அதில் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் என்று தொடங்கும் ஒன்றை மட்டும் போட்டால் சரி. அட்மின் அக்கவுண்ட்டும் தேவையில்லை. யாரும் மாற்றி வைக்காத டொமைனில், குரூப்பில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சாதாரண யூசரே படிக்கலாம். கட்டளை ஓடவே இல்லை என்றால் 9389 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பவர்ஷெல் டொமைன் கன்ட்ரோலரோடு பேசுவது அந்த வழியாகத்தான்.

எந்தக் குரூப்பின் பட்டியல் வேண்டும் என்பதையும் ஊகிக்காதீர்கள். ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபைத் திறந்து அங்கே இருக்கும் குரூப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஷேரிங் பக்கத்தையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் "ஆத்தன்டிகேட்டட் யூசர்ஸ்" (லாகின் செய்த எல்லோரும்) என்று ஒரு வரி எழுதும் உரிமையோடு உட்கார்ந்திருந்தால், குரூப் பட்டியல் எடுத்து ஒரு பயனும் இல்லை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது கட்டளைக்கு வருவோம். மெம்பர்ஸ் டேபில் பட்டியலை வெளியே எடுக்க ஒரு பொத்தானும் கிடையாது. கருப்புத் திரையில் "நெட் குரூப்" என்று தட்டுகிற பழைய வழி இருக்கிறது. அது பெயர்களை மூன்று பத்தியாக அடுக்கும், உள்ளே இருக்கும் குரூப்புகளைக் காட்டவே காட்டாது. என்னை அன்று மாட்டிவிட்ட அதே குறை என்பதால் அதை நான் தொடுவதில்லை. இப்படித் தொடங்குங்கள்:

கெட்-ஏடிகுரூப்மெம்பர் -ஐடென்டிட்டி "சம்பளம்-திருத்து" | செலக்ட்-ஆப்ஜெக்ட் நேம், சாம்அக்கவுண்ட்நேம், ஆப்ஜெக்ட்கிளாஸ்

மூன்றாவது பத்திதான் முக்கியம். அதில் யூசர், குரூப், கம்ப்யூட்டர் என்று வரும். குரூப் என்று ஒரு வரி வந்தாலும் பட்டியல் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். பெயருக்குப் பின் -ரிகர்சிவ் என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் குரூப்புகளையெல்லாம் பிரித்து, அடியில் இருக்கும் அக்கவுண்ட்களை மட்டும் கொடுக்கும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது என்பது என் எண்ணம். ரிகர்சிவ் ஆளைக் காட்டும், அவர் வந்த வழியைக் காட்டாது. "இந்தப் பையன் சம்பள ஃபோல்டருக்குள் எப்படி வந்தான்?" என்று மேனேஜர் கேட்டால் பதில் இருக்காது. எந்தக் குரூப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் தெரியாது. அதனால் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறேன். குரூப் பெயரைக் கொடுத்தால் நேரடி உறுப்பினர்களை எடுக்கும். யூசர் வந்தால் வழியோடு ஒரு வரி எழுதும். குரூப் வந்தால் அதன் பெயரை வழியில் ஒட்டிக்கொண்டு தன்னையே மறுபடி கூப்பிடும். முடிவில் "சம்பளம்-திருத்து > ஃபேக்டரி-ஆபீஸ் > எடை-தற்காலிகம்" என்று ஒரு பத்தி கிடைக்கும். போகிற பாதையில் ஏற்கெனவே நுழைந்த குரூப்புகளின் பெயரை ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அ-வுக்குள் ஆ, ஆ-வுக்குள் மறுபடி அ என்று யாராவது சேர்த்திருந்தால், இந்தச் சோதனை இல்லாத ஃபங்ஷன் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, ஆளைப் பற்றிய விவரம். கெட்-ஏடிகுரூப்மெம்பர் கொடுக்கும் வரியில் அக்கவுண்ட் முடக்கப்பட்டதா இல்லையா என்பது இருக்காது. அதை கெட்-ஏடியூசரிடம் கேட்க வேண்டும்:

கெட்-ஏடிகுரூப்மெம்பர் -ஐடென்டிட்டி "சம்பளம்-திருத்து" -ரிகர்சிவ் | வேர்-ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்கிளாஸ் -ஈக்யூ "யூசர்" | கெட்-ஏடியூசர் -ப்ராப்பர்ட்டீஸ் டிஸ்ப்ளேநேம், டிபார்ட்மென்ட், டிஸ்க்ரிப்ஷன், லாஸ்ட்லாகான்டேட்

நடுவில் இருக்கும் வேர்-ஆப்ஜெக்ட்டை விட்டுவிடாதீர்கள். குரூப்பில் ஒரு கம்ப்யூட்டர் அக்கவுண்ட் இருந்தாலும் கெட்-ஏடியூசர் சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். விட்டுப்போன கம்ப்யூட்டர்களை வேறு பட்டியலாக எடுத்துக்கொள்ளலாம். எனேபிள்டு என்ற விவரம் கேட்காமலே வரும். லாஸ்ட்லாகான்டேட்டைப் பார்த்து யாரையும் சந்தேகப்பட்டுவிடாதீர்கள். அது இரண்டு வாரம் வரை பின்தங்கி இருக்கலாம். நேற்று வேலைக்கு வந்தவருக்குப் பத்து நாள் முன் தேதி காட்டினால் அது தவறல்ல. ஆறு மாதமாக அசையவில்லை என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மலையில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்களுக்குக் குன்னூரில் ஒரு டொமைன் கன்ட்ரோலர், கோத்தகிரியில் ஒன்று. சைட்களுக்கு (இடவாரியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதிகளுக்கு) நடுவே மாற்றங்கள் போய்ச் சேரும் இடைவெளி, நீங்கள் மாற்றாதவரை, 180 நிமிடம். மழைக்காலத்தில் ரோட்டோரம் மண் சரிந்து கேபிள் அறுந்தால் இரண்டு நாள்கூட ஆகும். காலையில் குன்னூரில் ஒருவரை நீக்கிவிட்டு மதியம் கோத்தகிரியில் பட்டியல் எடுத்தால் அவர் பெயர் அப்படியே இருக்கலாம். அதனால் ஒவ்வொரு கெட் கட்டளையிலும் -சர்வர் என்று போட்டு, மாற்றம் செய்கிற டொமைன் கன்ட்ரோலரின் பெயரையே கொடுங்கள். முதல் கட்டளையில் மட்டும் கொடுத்துவிட்டு கெட்-ஏடியூசரில் மறந்தால், பாதி விவரம் இங்கிருந்தும் பாதி அங்கிருந்தும் வரும்.

இனி ஃபைலாக எடுக்க வேண்டும். கடைசியில் | எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி என்று போட்டு ஃபைல் பெயரைக் கொடுங்கள். எங்கள் ஆபீஸில் டிஸ்ப்ளேநேமும் டிஸ்க்ரிப்ஷனும் தமிழில்தான்: "இலை எடை, இரண்டாம் டிவிஷன்" என்பது போல. முதல் தடவை எடுத்த ஃபைலில் அந்த இடமெல்லாம் வெறும் கேள்விக்குறி. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, எக்ஸ்போர்ட்-சிஎஸ்வியை ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஆஸ்கி எழுத்தில் எழுதும். தமிழ் அதில் அடங்காது. எழுத்து ஒரு தடவை கேள்விக்குறியாகிவிட்டால் அந்த ஃபைலிலிருந்து மீட்கவும் முடியாது, மறுபடிதான் எடுக்க வேண்டும். இப்படி எழுதுங்கள்:

எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி -பாத் "சம்பளம்-2025-11-01.சிஎஸ்வி" -நோடைப்இன்ஃபர்மேஷன் -என்கோடிங் யூடிஎஃப்8

பவர்ஷெல் 7 வைத்திருந்தால் கதை வேறு. அங்கே தமிழ் அழியாது, ஆனால் எக்ஸலில் இரண்டு தடவை கிளிக் செய்து திறந்தால் எழுத்தெல்லாம் குழம்பித் தெரியும். அங்கே என்கோடிங்கை யூடிஎஃப்8பிஓஎம் என்று கொடுத்தால் எக்ஸல் சரியாகப் படிக்கும். பிஓஎம் என்பது எழுத்து வகையைச் சொல்ல ஃபைலின் தொடக்கத்தில் வைக்கும் அடையாளம். பத்தித் தலைப்புகளைத் தமிழில் வைக்க விரும்பினால், ஸ்கிரிப்ட் ஃபைலையும் பிஓஎம் உள்ள யூடிஎஃப்8 ஆகவே சேமியுங்கள். இல்லையென்றால் 5.1 உங்கள் தமிழ்த் தலைப்பையே தப்பாகப் படிக்கும். எங்கள் பணியாளர் எண்கள் 00412 மாதிரி பூஜ்யத்தில் தொடங்குபவை. நேரடியாகத் திறந்தால் எக்ஸல் அந்தப் பூஜ்யங்களைத் தின்றுவிடும். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி வழியாக உள்ளே எடுத்து, அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாக் குரூப்பையும் ஒரே ஓட்டத்தில் எடுக்க, கெட்-ஏடிகுரூப் -ஃபில்டர் * என்று தொடங்கி ஃபார்ஈச்-ஆப்ஜெக்ட்டுக்குள் மேலே சொன்னதைச் செய்யலாம். உள்ளே நுழைந்ததும் குரூப் பெயரை ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த பைப்புக்குள் (| குறிக்குப் பின்) போனதும் அது கைநழுவிப் போய்விடும். ஆளே இல்லாத குரூப் ஃபைலில் ஒரு வரியும் எழுதாது. பார்ப்பவருக்கு அது காலியா, விட்டுப்போனதா என்று தெரியாது. அதனால் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் "ஆள் இல்லை" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பெரிய டொமைனில் இருப்பவர்களுக்கு மட்டும்: ஒரு குரூப்பில் 5000 பேருக்கு மேல் இருந்தால் கெட்-ஏடிகுரூப்மெம்பர் பிழை காட்டி நின்றுவிடும். அப்போது கெட்-ஏடியூசருக்கு எல்டாப்ஃபில்டர் கொடுத்து, மெம்பர்ஆஃப் என்பதோடு 1.2.840.113556.1.4.1941 என்ற எண்ணைச் சேர்த்துக் கேளுங்கள். உள்ளடங்கிய குரூப்புகளையும் அதுவே பிரித்துப் பார்க்கும். ஆனால் கேட்கிற குரூப்பையே பிரைமரி குரூப்பாக (அக்கவுண்ட்டின் அடிப்படைக் குரூப்பாக) வைத்திருப்பவர்கள் இந்த வழியில் வரமாட்டார்கள். டொமைன் யூசர்ஸ் குரூப்பை இப்படிக் கேட்டால் ஏறக்குறைய காலியாகத் தெரிவது அதனால்தான். வேறு டொமைனிலிருந்து வந்த பழைய உறுப்பினர் யாராவது குரூப்பில் இருந்து, அந்த டொமைன் இப்போது இல்லை என்றாலும் கட்டளை இடறும். குரூப்பின் மெம்பர்ஸ் டேபில் எஸ்-1-5 என்று தொடங்கும் நீண்ட எண்ணாக நிற்பது அதுதான்.

பட்டியல் கையில் வந்ததும் நான் அதை ஃபேக்டரி வாரியாகப் பிரித்து, அச்செடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மெயிலில் அனுப்புவதில்லை. யார் எங்கே நுழையலாம் என்ற முழு வரைபடம் அது, தவறான கையில் கிடைத்தால் பூட்டு இருக்கும் இடமெல்லாம் தெரிந்துவிடும். எனக்குத் தெரிவது அக்கவுண்ட் பெயர் மட்டும். ஆளைத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். முதல் தடவை கோத்தகிரி ஃபேக்டரியில் டீ மேக்கர் (தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர்) பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே பனி மூடியிருந்தது, உள்ளே இலை உலர்த்தும் வாசனை. நாலாவது வரியில் நின்று, "தம்பி, இவர் கூடலூர் எஸ்டேட்டுக்கு மாறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சே, இன்னும் இங்கே இருக்காரா?" என்றார். எந்த ஸ்கிரிப்ட்டும் அதைக் கண்டுபிடித்திருக்காது. எனேபிள்டு என்றும் நேற்றுக்கூட லாகின் ஆனவர் என்றும்தான் அது காட்டியது.

அவர் அடித்த பெயர்களைக் குரூப்பிலிருந்து நீக்கியதும் வேலை முடிந்துவிடாது. அந்த ஆள் ஏற்கெனவே லாகின் செய்திருந்தால் பழைய உரிமை கொஞ்ச நேரம் கூடவே இருக்கும். லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள்.

மாதாமாதம் இதை டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் ராத்திரி மழையில் கரண்ட் போவது சாதாரணம். யூபிஎஸ்ஸும் விடியும்வரை தாங்காது. செட்டிங்ஸ் டேபில், குறித்த நேரம் தவறினால் முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால் அந்த மாதப் பட்டியலே இருக்காது. ஃபைல் பெயரில் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் ஃபோல்டரில் தானாக வரிசைப்படும்.

போன மாத ஃபைலையும் இந்த மாத ஃபைலையும் இம்போர்ட்-சிஎஸ்வியால் எடுத்து, கம்பேர்-ஆப்ஜெக்ட்டில் பழையதை ரெஃபரன்ஸாகவும் புதியதை டிஃபரன்ஸாகவும் கொடுங்கள். ப்ராப்பர்ட்டியில் குரூப் பெயர், அக்கவுண்ட் பெயர் இரண்டையும் போட மறக்காதீர்கள். வலப்பக்கம் பார்க்கும் அம்பு புதிதாக வந்தவர், இடப்பக்கம் பார்ப்பது போனவர். புதிதாக வந்தவருக்கு யாருடைய கடிதமும் உங்களிடம் இல்லை என்றால், டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் குளோபல் குரூப் என்றால் 4728 என்ற எண்ணைத் தேடுங்கள். டொமைன் லோக்கல் குரூப் என்றால் 4732, யூனிவர்சல் என்றால் 4756. சேர்த்தவர் யார், எப்போது என்று அந்த வரியில் இருக்கும். ஆனால் மாற்றம் எந்த டொமைன் கன்ட்ரோலரில் நடந்ததோ அங்கே மட்டும்தான் அது பதிவாகும். குன்னூரில் கிடைக்கவில்லை என்றால் கோத்தகிரியிலும் தேடுங்கள்.